19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெகுசன நாவல்கள்: காதல் கதையா, பிரசங்கமா? வாசிப்பு வட்டத்துக்கு எதை எடுக்கலாம்?

பூநகரிப் பக்கம் கேட்டது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில மாதம் ஒருக்காக் கூடுற வாசிப்பு வட்டத்துக்காகக் கேக்கிறன். வாறவை ஏ.எல் எழுதிப்போட்டு நிக்கிற பிள்ளையள், ரண்டு மூண்டு ரீச்சர்மார், வேலை முடிஞ்சு பின்னேரம் வாற அம்மாமார். ஆங்கிலம் எல்லாருக்கும் ஓடாது. ஒராள் முதலே வாசிச்சிட்டு வந்து கதையைத் தமிழில சொல்லுவார். முக்கியமான ரண்டு மூண்டு பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துச் சத்தமா வாசிப்பார். இதுதான் முறை.

அடுத்து வாற கூட்டங்களுக்கு 1800களில அமெரிக்காச் சனம் உண்மையாக் காசு குடுத்து வாங்கி வாசிச்ச நாவல்களை எடுப்பம் எண்டு முடிவு. மெல்வில், ஹாதோர்ண் மாதிரிப் பாடப்புத்தகப் பேருகள் வேண்டாம். முதலாவதா சூசன் வார்னரின்ர "த வைட், வைட் வேர்ல்ட்" எடுத்திருக்கு. வட்டத்துக்குள்ள உடனேயே முறைப்பாடு: பக்கத்துக்குப் பக்கம் அழுகை, இடையில வேதவசனம், காதலன் எண்டு வாறவர் அண்ணன் மாதிரி நிண்டு புத்தி சொல்லுறார். இதில காதல் எங்க இருக்கு? ஏன் எல்லாக் கதையிலயும் தாயில்லாப் பிள்ளை? எந்தப் புத்தகத்தில எந்த இடத்தை எடுத்தா ரண்டு மணித்தியாலத்துக்குள்ள உருப்படியாக் கதைக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


மாங்குளம் சந்தி எழுதியது:

காதல் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். இருக்கிறது, ஆனால் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் அந்தப் பெண்பிள்ளை ஒரு நீண்ட பரீட்சை எழுதி முடிக்க வேண்டும். புத்தகத்தின் முக்கால்வாசி அந்தப் பரீட்சைதான். யாருக்குக் கீழ்ப்படிவது, எதுவரைக்கும் கீழ்ப்படிவது என்பதே அதில் வரும் ஒரே கேள்வி. தாயில்லாப் பிள்ளை ஏன் என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. தாய் வீட்டில் இருந்தால் அவள் சொல்வாள், பிள்ளை கேட்கும், கதை நகராது. தாயை எடுத்துவிட்டால் மாமி, வளர்ப்புத் தகப்பன், போதகர், பணக்காரச் சொந்தம் என்று ஒவ்வொருவராக வந்து "இனி நான் சொல்வதைக் கேள்" என்பார்கள். பிள்ளை ஒவ்வொரு முறையும் தானே தீர்மானிக்க வேண்டி வரும்.

வார்னரின் கதையை இப்படிப் பாருங்கள். 1850 டிசம்பரில் நியூயோர்க்கில் புட்னம் பதிப்பகம் வெளியிட்டது. ஆசிரியர் பெயர் எலிசபெத் வெதரெல் என்று போட்டிருக்கும், அது புனைபெயர். தகப்பன் வழக்கில் தோற்கிறார், தாய்க்கு நோய், இருவரும் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள், மகள் எலன் தகப்பனின் சகோதரியான ஃபோர்ச்சூன் மாமியிடம் அனுப்பப்படுகிறாள். போகுமுன் தாய் தன் மோதிரத்தை விற்று மகளுக்கு ஒரு பைபிளும் எழுதுபெட்டியும் வாங்கிக் கொடுக்கிறாள். உங்கள் முதல் கூட்டத்துக்கு அந்தக் கடைத்தெரு அதிகாரம் போதும். எந்தப் பைபிள் வேண்டும் என்று எலன் அளவும் கட்டும் பார்த்துத் தடுமாறுவது, தாய் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது, இரண்டும் சேர்ந்து பிரசங்கத்தை மறக்கடித்துவிடும்.

மாமி எலனின் வெள்ளைக் காலுறைகளைச் சாயத்தில் முக்கி நிறம் மாற்றுகிறாள். தாய் எழுதிய கடிதத்தை ஒளித்து வைக்கிறாள். நியாயம் முழுக்கப் பிள்ளையின் பக்கம்தான். ஆனால் புத்தகம் என்ன சொல்கிறது என்றால், மாமி செய்தது பிழைதான், உன் கோபம் உன்னுடைய பாவம், அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. இந்த இடத்தில் வட்டத்தில் சண்டை வரும், வரட்டும். அன்றைய விமர்சகர்கள் தொடக்கம் இன்றைய ஆய்வாளர்கள் வரை அடிபட்ட இடமே இதுதான். ஆன் டக்ளஸ் 1977இல் இந்த வகை எழுத்தைக் கடுமையாகத் தாக்கினார். அதற்குப் பதில் மாதிரி ஜேன் டொம்ப்கின்ஸ் 1985இல், வெளியே அதிகாரம் எதுவும் இல்லாத ஒருத்திக்குத் தன் மனத்தை ஆள்வதுதான் கிடைக்கக்கூடிய ஒரே ஆட்சி என்று வாதாடினார்.

வழக்கமாக நடக்கும் பிழை: அடக்கத்தைப் போதிக்கும் புத்தகம் என்று பாதியில் மூடிவிடுவது. பின்பகுதியில் எலன் ஸ்கொட்லாந்தில் பணக்காரச் சொந்தங்களிடம் போகிறாள். அங்கே மாமன் தன்னைத் தகப்பன் என்று கூப்பிடச் சொல்கிறார், வைன் குடிக்கக் கொடுக்கிறார், அவளுடைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார். சொன்னதையெல்லாம் செய்கிறாள், ஆனால் ஜெபத்தையும் பழைய ஆட்கள் மீதுள்ள பற்றையும் விடுகிறாள் இல்லை. கீழ்ப்படிதலுக்கு எல்லைக்கோடு எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

இதே எல்லையை இன்னும் தெளிவாகக் காட்டுவது மரியா கமின்ஸின் "த லாம்ப்லைட்டர்", 1854, பொஸ்டன். எட்டு வாரத்தில் 40,000 பிரதி போன புத்தகம். தாயில்லாப் பிள்ளை கேர்ட்டியின் பூனைக்குட்டியை, அவளை வைத்திருக்கும் நேன் கிரான்ட் என்பவள் கொதிநீரில் எறிகிறாள். பிள்ளை விறகுக்கட்டையால் அவளுக்கு எறிந்துவிட்டுத் தெருவுக்கு வருகிறாள். தெருவிளக்கு ஏற்றுகிற ட்ரூமன் ஃபிளின்ட் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார். பிறகு கண்தெரியாத எமிலி அவளுக்குக் கோபத்தை அடக்கப் பழக்குகிறாள். இதுவரைக்கும் வார்னர் மாதிரித்தான். வளர்ந்த பிறகு எமிலியின் தகப்பன் கிரஹம் தங்களோடு தெற்கே பயணம் வரக் கட்டளையிடுகிறார், செலவெல்லாம் அவருடையது. அவள் மறுக்கிறாள். முன்பு தன்னைப் பார்த்த ஏழைக் குடும்பத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள், பள்ளியில் படிப்பித்துச் சம்பாதித்து அவர்களைப் பார்ப்பேன் என்கிறாள். அடக்கம் கற்ற பிள்ளை எங்கே "மாட்டேன்" என்கிறது என்பதைத் தேடி வாசித்தால் இந்தப் புத்தகங்கள் திறந்துகொள்ளும்.


முத்தையன்கட்டு எழுதியது:

மாங்குளத்தார் சொன்னது சரி, ஆனா பாதிதான். காசைப் பாக்காமல் இந்தக் கதையளில காதலைப் பாக்கேலாது.

அந்தக் காலச் சட்டத்தில கலியாணம் முடிச்ச பொம்பிளையின்ர சொத்தும் உழைப்பும் பெரும்பாலும் புருசன்ர கையில. நியூயோர்க் மாநிலத்தில 1848இல சட்டம் வந்த பிறகுதான் மனைவி தன்ர பேரில சொத்து வைச்சிருக்கலாம் எண்டு ஆனது. மற்ற மாநிலங்களில ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு காலம். அப்ப ஒருத்தி "ஆம்" எண்டு சொல்லுறது ஒரு மனிசனுக்கு மட்டுமில்லை, தன்ர வீடு, உழைப்பு எல்லாத்தையும் ஆர் ஆளப்போறான் எண்டதுக்கும் சேத்துத்தான். அதாலதான் கதாநாயகன் குடிக்கிறானா, சூதாடுறானா, கடவுளை நம்புறானா எண்டு ஆசிரியை அவ்வளவு தோண்டுறா. எங்கட பக்கத்துக் கலியாணப் பேச்சில பெடியன்ர பழக்கவழக்கம் விசாரிக்கிறதைப் பாத்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வார்னரில ஒரு விசயம் சொல்லாமல் விட்டிட்டார். அச்சில வந்த 52 அதிகாரத்தோட கலியாணமே வராது, சும்மா ஒரு சாடையோட முடியும். வார்னர் எழுதி அப்ப அச்சேறாத கடைசி அதிகாரம் 1987 பெமினிஸ்ட் பிரஸ் பதிப்பிலதான் சேர்ந்தது. அதில எலன் ஜோனை, அண்ணன் மாதிரிப் புத்தி சொல்லுறார் எண்டீங்களே, அவரைத்தான் கட்டி வந்து புதுவீட்டைப் பாக்கிறாள்: அவளுக்கெண்டு ஒரு அறை, அதில அவள் கேக்காமலே எடுத்துச் செலவழிக்கக் காசு வைச்ச ஒரு லாச்சி. காதல் எங்க எண்டு கேட்டீங்களே, அந்த லாச்சிக்குள்ள. இணையத்தில பழைய அச்சைப் பாத்து ஏத்தின பிரதியளில அந்த அதிகாரம் இராது. பிள்ளையளுக்கு அதைச் சொல்லாமல் "ஜோனுக்கும் எலனுக்கும் என்ன நடந்தது?" எண்டு கேட்டா அவை முழிப்பினம்.

இன்னொரு பகிடி. அந்த ஜோன்தான் எலனுக்கு "நாவல் வாசிக்காதே" எண்டு சொல்லுறவர். நாவலுக்குள்ள இருந்துகொண்டு! தேவாலயக் குடும்பங்களில நாவல் எண்டாலே சந்தேகம் இருந்த காலம். அதுக்குள்ளால புத்தகத்தைக் கொண்டுபோக வேணுமெண்டால் அதிகாரத்துக்கு அதிகாரம் வேதம் இருக்கத்தான் வேணும். பக்தி பொய் எண்டு நான் சொல்லேல்லை, வார்னர் உண்மையான விசுவாசி. ஆனா அது வாசல் அனுமதிச்சீட்டாயும் வேலை செய்தது.

எனக்கு விருப்பமான தெரிவு ஃபனி ஃபேர்ணின்ர "ரூத் ஹோல்". 1854 முடிவில வந்தது. 90 அதிகாரம், பயப்பிடாதேங்கோ, கனக்க அதிகாரம் ஒண்டு ரண்டு பக்கம்தான். கலியாணத்தோடதான் கதை துவங்குது, முடியேல்லை. புருசன் காய்ச்சலில சாகிறார். தகப்பனும் மாமன் மாமியும் "நீ பார், நீ பார்" எண்டு கைகழுவீனம். பத்திரிகை ஆசிரியரான சொந்தச் சகோதரன் எழுத்து அனுப்பினா "உனக்குத் திறமை இல்லை" எண்டு திருப்பி விடுறான். அவள் வாடகை அறையில இருந்து புனைபெயரில பத்தி எழுதி முன்னுக்கு வாறாள். புத்தகம் போடேக்க வெளியீட்டாளர் சொல்லுறார்: பதிப்புரிமையை 800 டொலருக்கு வித்துவிடு, இல்லாட்டி விக்கிற பிரதிக்கு விகிதம் எடு. கையில காசில்லாத விதவை விகிதத்தைத் தெரிவு செய்யிறாள். கடைசியில வங்கியின்ர 100 பங்குப் பத்திரம் ஒண்டை அப்பிடியே படமாப் புத்தகத்தில அச்சடிச்சிருக்கு. மற்றக் கதையளில கலியாண மோதிரம் வாற இடத்தில இதில பங்குப் பத்திரம்! ஃபேர்ண் தானும் அப்பிடித்தான். 1855இல நியூயோர்க் லெட்ஜர் பத்திரிகை அவவுக்குப் பத்தி ஒண்டுக்கு 100 டொலர் குடுத்தது.

ஹாதோர்ணை வேண்டாம் எண்டு விட்டிட்டீங்கள், ஆனா அவற்ற ரண்டு கடிதத்தை மட்டும் எடுங்கோ. 1855 ஜனவரியில தன்ர வெளியீட்டாளருக்கு, இந்தக் கிறுக்கித் தள்ளுற பொம்பிளையளின்ர கூட்டத்தால தனக்கு வழியில்லை எண்டு திட்டி, த லாம்ப்லைட்டரைப் பேர் சொல்லி எழுதினார். அடுத்த மாதமே ரூத் ஹோலை வாசிச்சிட்டு, இந்த மனிசி பிசாசு பிடிச்ச மாதிரி எழுதுறா எண்டு மெச்சி எழுதினார். முதல் கடிதத்தை எல்லாரும் எடுத்துப் போடுவினம், ரண்டாவதை விட்டிடுவினம்.


பூநகரிப் பக்கம் எழுதியது:

ரண்டு பேருக்கும் நன்றி. ரூத் ஹோல் கட்டாயம் எடுக்கிறம். ஆனா வாற அம்மாமாரில சிலபேர் கேக்கிறது நேரடியான காதல் கதை: முரடன், நல்ல பெட்டை, கடைசியில அவன் திருந்திறது. அப்பிடி ஒண்டும் அந்தக் காலத்தில இல்லையோ? பிள்ளையள் "லிட்டில் விமன்" கேக்கினம், படம் பாத்திட்டினம். எழுத்தாளராக வர நினைக்கிற ஜோ ஏன் பக்கத்து வீட்டு லோறியைக் கட்டேல்லை எண்டதுதான் அவையளின்ர பிரச்சினை.


நெடுங்கேணி எழுதியது:

அக்காமார் கேட்பது "செயின்ட் எல்மோ". ஒகஸ்டா ஜேன் எவன்ஸ், அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்த கையோடு எழுதியது. தெற்கே, அடிமை முறைக்காக நின்று தோற்ற பக்கத்து எழுத்தாளர், யுத்தத்தின்போது அந்தப் பக்கத்தை ஆதரித்து நாவல் எழுதியவர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எட்னா ஏர்ல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, கொல்லன் வீட்டுப் பேத்தி, முதல் அதிகாரத்திலேயே ஒரு துப்பாக்கிச் சண்டையில் ஆள் சாவதைக் காண்கிறாள். தாத்தாவும் போன பிறகு பஞ்சாலை வேலைக்கு ரயிலில் போகிறபோது விபத்து. பணக்கார மறே அம்மையார் வீட்டில் வளர்கிறாள். அந்த வீட்டு மகன்தான் செயின்ட் எல்மோ: படித்தவன், ஊர் சுற்றியவன், கடவுளையும் பெண்களையும் ஏளனம் செய்பவன், முன்பு தன் நண்பனை இதே மாதிரிச் சண்டையில் கொன்றவன். அவன் வெளியூர் போகும்போது பளிங்கில் செய்த சின்னத் தாஜ்மஹால் ஒன்றின் சாவியை அவளிடம் கொடுத்து, நாலு வருடம் திறக்காமல் வைத்திரு என்கிறான். அவள் திறக்கிறாள் இல்லை. இந்த வகைக் கதையில் காதல் தொடங்குவது அழகில் இல்லை, ஒப்படைத்த சாவியில் என்று வட்டத்துக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

அவன் காதலைச் சொல்லும்போது அவள் மறுக்கிறாள், தானும் விரும்பிக்கொண்டே. அவள் மன்னித்தால் போதாது, அவன் கடவுள் முன் திருந்த வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு நியூயோர்க் போய்ப் பெயர்பெற்ற எழுத்தாளராகி, நல்ல வரன்கள் பலரைத் தட்டிக்கழிக்கிறாள். அவன் திருந்துவது மட்டுமில்லை, போதகராகவே ஆகிறான். கலியாணம் நடக்கிறது. அன்றைக்கே அவன் சொல்கிறான்: இன்றோடு உன் எழுத்து அடிமைத்தனத்தை அறுத்துவிட்டேன், இனிப் புத்தகம் எழுதுவது கிடையாது என்று.

அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு ரூத் ஹோலின் பங்குப் பத்திரப் பக்கத்தையும் வாசியுங்கள், ஒரே கூட்டத்தில். அன்றைய வாசகிகள் இரண்டையும் வாங்கினார்கள்.

எச்சரிக்கை ஒன்று. எவன்ஸ் கிரேக்கம், புராணம், தத்துவம் என்று வரிக்கு வரி மேற்கோள் கொட்டுவார். 1867இலேயே ஒருவர் கேலிப்புத்தகம் எழுதி, இந்தப் பிள்ளை அகராதியை விழுங்கிவிட்டாள் என்றார். மொழிபெயர்க்கிறவர் அவற்றைத் தாண்டிப் போகலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. தோட்டத்து வீட்டு வேலையாட்கள் வரும் இடங்களைத் தாண்டக் கூடாது. யார் உழைப்பில் அந்த வீடு நிற்கிறது என்று ஆசிரியர் கேட்காமல் போவதை வட்டம் கேட்க வேண்டும்.

லிட்டில் விமன் விசயம். இணையத்தில் எடுக்கும்போது மூன்று இடத்தில் பிழை வரும். முதலாவது, முதற்பாகம் 1868, இரண்டாம் பாகம் 1869. சேர்த்து 47 அதிகாரம். 23 அதிகாரத்தோடு முடிந்தால் உங்களிடம் பாதிதான் இருக்கிறது. இரண்டாவது, பிரித்தானியப் பதிப்புகளில் இரண்டாம் பாகம் "குட் வைவ்ஸ்" என்ற வேறு பெயரில் வரும். வேறு நாவல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மூன்றாவது, 1880இல் வெளியீட்டாளர் மொழியைச் சீர்செய்து, கொச்சைச் சொற்களைக் குறைத்து, குண்டான அம்மாவை உயர்குலத் தோற்றம் உள்ளவராக்கிப் போட்டார்கள். இருவர் இரண்டு பிரதியில் வாசித்துவிட்டு வந்தால் வசனம் பொருந்தாமல் நேரம் போகும். எல்லாரும் ஒரே கோப்பை எடுங்கள்.

ஜோ ஏன் லோறியைக் கட்டவில்லை? வாசகிகள் முதற்பாகம் முடிந்ததும் நூலாசிரியை லூயிசா மே அல்கொட்டுக்குக் கடிதம் எழுதி அதைத்தான் கேட்டார்கள். அவர் பிடிவாதமாக மறுத்தார். ஜோவைக் கலியாணமில்லாத எழுத்தாளராக விடத்தான் அவருக்கு விருப்பம். பிள்ளைகளின் கேள்வியை 34ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோங்கள். ஜோ பத்திரிகைக்குப் பரபரப்புக் கதை எழுதுகிறாள்; ஆசிரியர் அவள் போட்ட நீதிப் பகுதிகளை வெட்டிவிட்டு, இப்போது நீதி விலைபோகாது என்கிறார். அது அவ்வளவு சரியில்லை என்று அல்கொட் பக்கத்திலேயே ஒரு குத்துக் குத்துகிறார். நீதிதானே அந்தக் காலத்தில் ஆகவும் விலைபோனது! பிறகு பேராசிரியர் பேயர் அந்தவகைக் கதைகளைக் கண்டித்துப் பேச, ஜோ தான் எழுதியதெல்லாம் எரிக்கிறாள். எலனுக்கு ஜோன் செய்த வேலையை இங்கே பேயர் செய்கிறார். ஆசிரியராக வந்தவர்தான் கணவராவார் என்ற பழைய அச்சு கொஞ்சமும் மாறவில்லை.

ஆனால் அல்கொட் தான் எழுதியதை எரிக்கவில்லை. ஏ. எம். பார்னார்ட் என்ற பெயரில் அதே மாதிரிக் கதைகள் எழுதி விற்றவர் அவர். அந்தப் பெயர் அவர்தான் என்று 1943இல்தான் கண்டுபிடித்தார்கள். அதில் "பிஹைன்ட் எ மாஸ்க்", 1866, குறுநாவல் அளவு. ஜீன் மியூர் என்ற வீட்டாசிரியை அடக்கம், கண்ணீர், பக்தி எல்லாவற்றையும் நடித்தே ஒரு பணக்காரக் குடும்பத்தைப் பிடிக்கிறாள். தனியறையில் பொய்ப்பல்லைக் கழற்றுகிற காட்சி முதல் அதிகாரத்திலேயே வரும். எலன், கேர்ட்டி இருவரையும் வாசித்த பிறகு இதை வாசித்தால் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். முதலில் வாசித்தால் பாதி ருசி போய்விடும்.


மடு றோட்டு எழுதியது:

எல்லாரும் பொம்பிளைப் பிள்ளையளின்ர கதையாச் சொல்லுறீங்கள். வட்டத்துக்குப் பெடியள் வந்தா?

ஹொரேஷியோ அல்ஜரின்ர "றாகெட் டிக்", 1868. நியூயோர்க்கில சப்பாத்துத் துடைக்கிற பெடியன். காதல் துண்டாக் கிடையாது. நேர்மை, சேமிப்பு, படிப்பு. ஆனா கவனிக்க வேண்டிய இடம் முடிவு. உழைச்சு உழைச்சு முன்னேறினான் எண்டு எல்லாரும் சொல்லுவினம். உண்மையில தோணியில இருந்து விழுந்த ஒரு பணக்காரன்ர பிள்ளையைக் குதிச்சுக் காப்பாத்தினதாலதான் கிழமைக்கு 10 டொலர் சம்பளத்தில அலுவலக வேலை கிடைக்குது. அதிட்டம் வந்த நேரம் அவனுக்கு எழுத வாசிக்கத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான் நீதி. அவற்ற கன கதை இதே சட்டகம், ஒண்டு வாசிச்சாக் காணும்.

ரி. எஸ். ஆதரின்ர "டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்", 1854, மதுவுக்கு எதிரானது. தவறணையில இருக்கிற தகப்பனைக் கூப்பிட வந்த பிள்ளையின்ர தலையில எறிஞ்ச கிளாஸ் படுது. கதை சுமாரான எழுத்து, முடிவும் சட்டம் போட்டா எல்லாம் சரி எண்ட மாதிரி. ஆனா கசிப்புப் பிரச்சினை இருக்கிற கிராமத்தில இதை வாசிச்சா அதுக்குப் பிறகு நாவலைப் பற்றிக் கதைக்கமாட்டினம், ஊரைப் பற்றித்தான் கதைப்பினம். அது வேணுமோ வேண்டாமோ எண்டு நீங்கள் யோசிக்கவேணும்.

கட்டாயம் எடுக்க வேண்டியது ஹாரியட் பீச்சர் ஸ்டோவின்ர "அங்கிள் டொம்ஸ் கேபின்". 1851 ஜூனில இருந்து பத்திரிகைத் தொடரா வந்து 1852 மார்ச்சில புத்தகமானது, முதல் வருசம் அமெரிக்காவில மட்டும் 300,000 பிரதி. முழுக்க வேண்டாம், 9ஆம் அதிகாரம் மட்டும். தப்பியோடி வாற அடிமைகளுக்கு உதவக்கூடாது எண்ட சட்டத்துக்குச் சார்பா நிண்ட ஒரு மேலவை உறுப்பினர் வீட்டுக்கு வந்து மனிசியோட வாதாடுறார். வாதம் முடியமுதலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆத்துப் பனிக்கட்டியைத் தாண்டி ஓடிவந்த அடிமைத் தாய் எலைசா அவையின்ர குசினியில வந்து நிக்கிறாள். "ஒரு பிள்ளையை இழந்திருக்கிறியளா அம்மா?" எண்டு கேக்கிறாள். அந்த வீட்டிலும் ஒரு சாவு நடந்து ஒரு மாதம்தான். அந்த அம்மா செத்த பிள்ளையின்ர உடுப்பு வைச்ச லாச்சியைத் திறந்து, அதில இருந்து எலைசாவின்ர பிள்ளைக்கு எடுத்துக் குடுக்கிறா. வார்னரும் கமின்ஸும் ஒரு பிள்ளையைத் திருத்தப் பாவிச்ச அதே கண்ணீரை ஸ்டோவ் ஒரு சட்டத்துக்கு எதிராத் திருப்பிவிட்டது இந்த இடத்தில தெளிவாத் தெரியும்.

ஒண்டு மட்டும். இதைச் சத்தமா வாசிக்க முதல் அண்டைக்கு வட்டத்தில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ. எங்கட பக்கத்தில லாச்சி வைச்சிருக்கிற வீடுகள் கனக்க. தேவையெண்டா அந்தப் பக்கத்தை வாசிக்காமல் சொல்லிவிட்டுப் போகலாம். புத்தகத்தின்ர குறையையும் சொல்லத்தான் வேணும்: டொம் எல்லாத்தையும் பொறுத்துச் சாகிறது, தப்பின குடும்பத்தைக் கடைசியில லைபீரியாவுக்கு அனுப்புறது ரண்டும் அப்பவே கறுப்பின மக்களிட்ட ஏச்சு வாங்கினது.


மாங்குளம் சந்தி எழுதியது:

ஒரு பக்கக் குறிப்பு, ரீச்சர்மார் கட்டாயம் கேட்பார்கள் என்பதால். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிசன் வந்தது 1816இல். உடுவில் பெண்கள் பள்ளி 1824. வந்தவர்கள் இந்த நாவல்கள் எழுதப்பட்ட அதே வடகிழக்கு அமெரிக்காவின் தேவாலய உலகத்து ஆட்கள். பிறகு 1914இல் மங்களநாயகம் தம்பையா "நொறுங்குண்ட இருதயம்" எழுதுகிறார். தலைப்பே 51ஆம் சங்கீதம். கிறிஸ்தவக் குடும்பம், கலியாணத்தில் அகப்பட்ட பெண், பொறுமை. வார்னரோடு பக்கத்தில் வைத்து வாசிக்கலாம், நல்ல பொருத்தம். ஆனால் அதைப் பார்த்துத்தான் இதை எழுதினார் என்று சொல்லிவிட வேண்டாம். ஒரே வேதமும் ஒரே மாதிரிப் பள்ளிக்கூடமும் இரண்டு இடத்தில் ஒரேமாதிரிக் கதையை விளைவிக்கலாம். ஆதாரம் கையில் இல்லாமல் அதற்கு மேலே போகக் கூடாது.


பூநகரிப் பக்கம் எழுதியது:

அப்ப ஒழுங்கு இப்பிடிப் போடுறம்: வார்னர், த லாம்ப்லைட்டர், ஸ்டோவ் 9ஆம் அதிகாரம், ரூத் ஹோலும் செயின்ட் எல்மோவும் சேத்து, லிட்டில் விமன், கடைசியா பிஹைன்ட் எ மாஸ்க். மது நாவலை இப்ப விடுவம். சிரிக்கக்கூடியதா ஒண்டும் இல்லை எண்டது மட்டும்தான் குறை. கோப்பு எப்பிடி எடுக்கிறது எண்டும் சொல்லுங்கோ, எங்கட பக்கம் சிக்னல் ஒரு நாளைக்கு இருக்கும் ஒரு நாளைக்கு இராது.


முத்தையன்கட்டு எழுதியது:

சிரிக்க சவுத்வேர்த்தின்ர "த ஹிடன் ஹாண்ட்", 1859இல நியூயோர்க் லெட்ஜரில வந்த தொடர். கபிட்டோலா எண்ட பெட்டை ஆம்பிளை உடுப்பில தெருவில பேப்பர் விக்கிறாள்; பிறகு ஒரு கோபக்காரக் கிழவர்ர பெரிய வீட்டில வளருறாள். தன்னைப் பற்றிப் பொய்க்கதை கட்டினவனைத் தானே நேருக்கு நேர் சுடுறாள். அவன் சாகப்போறன் எண்டு பயந்து எல்லாருக்கும் முன்னால உண்மையைக் கக்கின பிறகுதான் தெரியும், துப்பாக்கியில இருந்தது காய்ஞ்ச பட்டாணி. ஒரு தோழியைக் கட்டாயக் கலியாணத்தில இருந்து உடுப்பு மாத்தி ஓடவிடுறாள். இவளுக்கும் கடைசியில கலியாணம் உண்டு, ஆனா ஆரும் அவளைத் திருத்தினதாக் காணேல்லை. வேலைக்காரரைக் கேலிப்பொருளாக் காட்டுற இடங்கள் கனக்க, அதை மூடி மறைக்காதேங்கோ. த லாம்ப்லைட்டருக்கு அடுத்த மாதம் இதைச் செருகினா ஸ்டோவுக்கு முதல் சனம் கொஞ்சம் மூச்சு விடும்.

கோப்புக்கு குட்டன்பேர்க் திட்டத்தின்ர தளம். எல்லாம் உரிமை காலாவதியான புத்தகம், காசில்லை. படம் இல்லாத சாதாரண எழுத்துக் கோப்பை எடுங்கோ, ஒரு நாவல் ஓரிரு மெகாபைட்டுக்கு மேல வராது. ஒராள் இறக்கி புளூடூத்தில மற்றவைக்கு அனுப்பலாம். ஸ்கான் பண்ணின பக்கமா வாற பீ.டி.எஃப் வேண்டாம், பாரமும் கூட, சின்னப் போனில எழுத்தும் தெரியாது. அச்சடிக்கிறதெண்டா சத்தமா வாசிக்கிற பக்கத்தை மட்டும் அடியுங்கோ, முழு நாவலை அடிக்கப் போகாதேங்கோ. வேதவசனம் வாற இடத்தில நீங்களா மொழிபெயர்க்காமல் தமிழ் பைபிளைத் திறந்து அப்பிடியே எழுதுங்கோ. கோவிலில கேட்டுப் பழகின வசனம் வேற மாதிரி வந்தா அம்மாமார் கதையை விட்டிட்டு அதைத் திருத்தத் துவங்கிவிடுவினம்.